எச்டி கேம்கார்டர் கிளிப் எடிட்டிங்ல திக்குது, எதை மாத்தணும்?

12 ஜனவரி 2013, இரவு 11:40

நேரா விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் வரைக்கும் மினிடிவி (MiniDV) டேப் கேமரா, இப்ப எச்டி கேம்கார்டர், மெமரி கார்டுல ஏவிசிஎச்டிங்கற வீடியோ ஃபார்மட்ல எழுதுது. மகளோட ஸ்கூல் ஆண்டு விழா ரெண்டரை மணி நேரம் எடுத்து வச்சிருக்கேன். எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு பிளே அழுத்தினா ஒரு ஃபிரேம் வருது, கொஞ்சம் யோசிக்குது, அடுத்த ஃபிரேம் வருது. பாட்டு மட்டும் ஒழுங்கா ஓடுது, ஆடுற புள்ளைங்க எல்லாம் சிலையா நிக்குதுங்க.

மெஷின் கோர் 2 டுவோ, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7 32 பிட், 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒண்ணு. இதே மெஷின்ல டேப் ஃபுட்டேஜ் நாலு வருஷமா வழுக்கிக்கிட்டு ஓடுச்சு.

என் கணக்கு இதுதான்: எச்டின்னா ஃபைல் பெருசு, ஃபைல் பெருசுன்னா டிஸ்க் மூச்சு வாங்குது. அதனால எஸ்எஸ்டி வாங்கப் போறேன். 128 ஜிபி போதுமா 256 வேணுமா, அது மட்டும் சொல்லுங்க. புது மெஷின் வாங்குன்னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம், வீட்டுல அதுக்கு அனுமதி இல்ல.

13 ஜனவரி, காலை

128ஆ 256ஆன்னு ஒருத்தரும் சொல்லல. நாலு பேரும் "டிஸ்க்தான்னு எப்படித் தெரியும்"னே கேட்டிருக்கீங்க. எப்படித் தெரியும்னா, முன்னாடி இருக்கற டிஸ்க் லைட் விடாம மினுக்குதே!

13 ஜனவரி, இரவு

சரி, அண்ணன் ஒருத்தர் சொன்னபடி ரிசோர்ஸ் மானிட்டரை ஓரமா தொறந்து வச்சுக்கிட்டு கிளிப்பை ஓட விட்டேன். சிபியு ரெண்டு கோரும் 100ல போய் ஒட்டிக்கிச்சு. டிஸ்க் நொடிக்கு 3 எம்பி கூட தொடல.

பேப்பர் எடுத்து கணக்குப் போட்டேன். கேமரா அதிகபட்சமா நொடிக்கு 24 மெகாபிட் எழுதுது. எட்டால வகுத்தா 3 எம்பி. மணிக்கு 10.8 ஜிபி. பழைய டேப்போட டிவி ஃபார்மட் (DV, தொலைக்காட்சி இல்ல) சவுண்டும் சேர்த்து நொடிக்கு 3.6 எம்பி, மணிக்கு 13 ஜிபி. அதாவது எச்டி ஃபைல் பழைய டேப் ஃபைலை விட சின்னது! நம்ப முடியாம ரெண்டு வாட்டி வகுத்துப் பார்த்தேன், அதேதான்.

லைட்டு மினுக்கினது வேற எதுக்கோ. அண்ணே, எஸ்எஸ்டி ஆர்டர் போடாம காப்பாத்திட்டீங்க.

14 ஜனவரி

ஏன் இப்படின்னு நேத்து ராத்திரி படிச்சேன், எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதறேன், தப்பா இருந்தா திருத்துங்க. டேப்போட டிவி ஃபார்மட்ல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி போட்டோ மாதிரி, எங்க வேணா குதிச்சு எடுத்துக்கலாம். ஏவிசிஎச்டி (2006ல சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டு வந்தது) உள்ளுக்குள்ள எச்.264ங்கற வீடியோ சுருக்கற முறை. இதுல சுமாரா அரை நொடிக்கு ஒரு முழுப் படம்தான் இருக்கும். நடுவுல இருக்கறதெல்லாம் "முந்தின படத்துல இருந்து இன்னது மாறுச்சு"ங்கற குறிப்பு, அதுலயும் பாதி குறிப்பு அடுத்து வரப்போற படத்தையும் பார்த்தாத்தான் புரியும். நான் டைம்லைன்ல சும்மா ஒரு இடத்துல கர்சரை வச்சா, சிபியு பாவம் பின்னாடி போய் முழுப் படத்தைத் தேடி, அங்க இருந்து ஒவ்வொண்ணா கணக்குப் போட்டுக்கிட்டே வரணும். ரிவர்ஸ்ல ஓட்டினா கேட்கவே வேண்டாம்.

"பிளேயர்ல நல்லா ஓடுதே"ன்னு நானும் கேட்டேன். பிளேயர் நேரா ஒரே திசையில ஓட்டுது, கிராஃபிக்ஸ் சிப்புல இருக்கற டிகோடரையும் பயன்படுத்திக்குது. என் எடிட்டிங் சாஃப்ட்வேர் அந்த சிப்பைத் திரும்பிக் கூட பார்க்கறதில்ல.

ராமை 8 ஆக்கலாமான்னு கேட்டவருக்கு: 32 பிட் விண்டோஸ்ல 4 ஜிபியே முழுசா தெரியாது, ஒரு புரோகிராமுக்கு 2 ஜிபிதான் கிடைக்கும். போட்டாலும் வீண்.

இன்னொண்ணு, கார்டுல பிடிஎம்வி, ஸ்ட்ரீம், கிளிப்இன்ஃப்னு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா கிடந்துச்சு. படமும் சவுண்டும் இருக்கற எம்டிஎஸ் ஃபைல் மட்டும் பொறுக்கி எடுத்துட்டு மத்த குப்பையை விட்டுட்டேன். பேரையும் அழகா மாத்திட்டேன்: வரவேற்பு, டான்ஸ், டான்ஸ் நல்லது, பரிசு. மேடம் ஒருத்தங்க "அப்படி செய்யாதீங்க, கார்டை முழுசா அப்படியே காப்பி பண்ணி வைங்க"ன்னு எழுதியிருக்காங்க. கார்டை ஏற்கனவே ஃபார்மட் பண்ணியாச்சு மேடம். படம் எல்லாம் வருது, ஒண்ணும் குறையல.

19 ஜனவரி

நீங்க எல்லாம் சொன்ன வழி: முதல்ல கிளிப்பை ஒவ்வொரு ஃபிரேமும் தனியா இருக்கற ஃபார்மட்டுக்கு மாத்திட்டு அப்புறம் எடிட் பண்ணு. டிஎன்எக்ஸ்எச்டி இலவசமா கிடைக்குதுன்னு அதுல மாத்தினேன், ராத்திரி போட்டுட்டு படுத்து காலையில பார்த்து, அடுத்த ராத்திரி மீதியைப் போட்டு, மொத்தம் ரெண்டு ராத்திரி. என் கேமரா 50ஐ (நொடிக்கு 50 அரைப்படம்) வகை, அதுக்கு நொடிக்கு 120 மெகாபிட் வகையை எடுத்தேன். அப்படின்னா 15 எம்பி. மணிக்கு 54 ஜிபி. ரெண்டரை மணி நேரத்துக்கு 135 ஜிபி. உள்ள இடம் இல்ல, வெளிய தொங்குற யூஎஸ்பி 2 டிஸ்க்ல வச்சேன்.

ஒரு கிளிப் ஜம்முனு ஓடுச்சு. வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் ரெண்டு கிளிப்புக்கு நடுவுல ஒரு டிசால்வ் (ஒண்ணு மங்க மங்க அடுத்தது தெரியற மாதிரி) போட்டேன். மறுபடியும் சிலை!

மானிட்டரைப் பார்த்தா இந்த வாட்டி சிபியு பாதிகூட இல்ல, டிஸ்க் 28, 29 எம்பில முட்டிக்கிட்டு நிக்குது. டிசால்வ்ல ஒரே நேரத்துல ரெண்டு கிளிப் படிக்கணும், 15ம் 15ம் 30. யூஎஸ்பி 2 பெட்டியில 480 மெகாபிட்னு போட்டிருந்தாலும் கைக்கு வர்றது 30 எம்பி சுத்திதான்.

ஆக டிஸ்க்தான் பிரச்சனை. நான் முதல் நாளே சொன்னேன். யாரும் கேக்கல.

19 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

சிரிக்காதீங்க. பிரச்சனையை நானே கஷ்டப்பட்டு உண்டாக்கிட்டு "சொன்னேன்ல"ங்கறேன்னு எனக்கும் தெரியுது.

26 ஜனவரி

இப்ப பிராக்ஸி வழி. கிளிப்பை 960க்கு 540ஆ சுருக்கி (பிக்சல் கணக்குல கால்வாசி) அதை வச்சு எடிட் பண்ணிட்டு, கடைசில ஒரிஜினல் ஃபைலை அந்த இடத்துல மாட்டி எக்ஸ்போர்ட். பிராக்ஸி ஒரு ஃபோல்டர், ஒரிஜினல் ஒரு ஃபோல்டர், ரெண்டுலயும் அதே பேரு. உள்ள இருக்கற டிஸ்க்லயே அடங்கிடுச்சு, இழுத்த இழுப்புக்கு ஓடுது. காசு செலவு பூஜ்யம்.

போன வாரம் "பிராக்ஸி எல்லாம் சினிமாக்காரங்களுக்கு, வீட்டு வீடியோவுக்கு எதுக்கு"ன்னு ஒரு தம்பிகிட்ட எழுதியிருந்தேன். தம்பி, மன்னிச்சிரு.

ஒரு சிக்கல் மட்டும். ரெண்டு இடத்துல மகள் முகத்துக்கு ஜூம் பண்ணியிருந்தேன். சின்ன பிராக்ஸியை ஃபிரேம் நிரப்ப 200 சதவீதம் பெருசாக்கி வச்சு, அதுக்கு மேல ஜூம். ஒரிஜினலை மாட்டினதும் அந்த 200 அப்படியே நிக்குது, முகத்துக்குப் பதிலா மூக்கு மட்டும் திரை முழுக்க. உட்கார்ந்து ஒவ்வொண்ணா சரி பண்ணினேன்.

3 பிப்ரவரி

முடிச்சு எக்ஸ்போர்ட் பண்ணி (ஒன்பது மணி நேரம்!) டிவில போட்டா, யாராவது கையை வீசினா கை ரெண்டா பிரிஞ்சு படபடன்னு அடிக்குது. அசையாம நிக்கறப்ப நல்லா இருக்கு. கேமரா நடுங்கிருச்சோன்னு ஒரிஜினலைப் பார்த்தேன், சுத்தமா இருக்கு. கம்ப்யூட்டர்ல பார்த்தா ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு மட்டும் தெரியுது. இது என்ன கூத்து?

4 பிப்ரவரி

கண்டுபிடிச்சாச்சு, தப்பு என்னோடதுதான். 50ஐன்னா நொடிக்கு 50 அரைப்படம், ஒத்தைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை. எது முதல்ல வரணும்னு ஒரு வரிசை இருக்கு. டேப் டிவி ஃபார்மட்ல கீழ் ஃபீல்டு முதல்ல. 1080ஐ எச்டில மேல் ஃபீல்டு முதல்ல. நான் நாலு வருஷமா வச்சிருந்த பழைய எக்ஸ்போர்ட் செட்டிங்ல சைஸை மட்டும் 1920க்கு 1080ன்னு மாத்திட்டு, பெரிய புத்திசாலியா மத்ததைத் தொடாம விட்டேன். ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு அடி முன்னாடி, அரை அடி பின்னாடின்னு நடந்திருக்கு. ஒரே ஒரு மெனு, அதை மாத்தி மறுபடி ஒன்பது மணி நேரம். 60ஐ கேமரா வச்சிருக்கவங்களுக்கும் இதே கதைதான்.

ஒன்பது மணி நேரம் வீணாகறதுக்கு முன்னாடி, கை வீசுற இடமா பார்த்து பத்து நொடி மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி டிவில பாருங்க.

9 மார்ச்

அனுமதி கிடைச்சிருச்சு!! ஒன்பது மணி நேரம் ஃபேன் இரைஞ்ச சத்தத்துல தூக்கம் கெட்டவங்க நான் மட்டும் இல்ல, அதனால.

ஐ7 3770, 16 ஜிபி ராம், விண்டோஸ் 7 64 பிட், சிஸ்டத்துக்கு சின்ன எஸ்எஸ்டி (ஆமா, கடைசில வாங்கிட்டேன்), வீடியோவுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க் தனியா. நானே மாட்டப் போறேன்.

16 மார்ச்

மாட்டினேன். ஏவிசிஎச்டி நேரா டைம்லைன்ல ஓடுது, பிராக்ஸி வேண்டாம், டிசால்வ் போட்டாலும் ஓடுது. பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு.

ஆனா எக்ஸ்போர்ட் போட்டா பத்து நிமிஷம் பறக்குது, அப்புறம் பழைய மெஷின் வேகத்துக்கு வந்துடுது. சாஃப்ட்வேர் கோளாறா?

17 மார்ச்

சாஃப்ட்வேர் பாவம். டெம்பரேச்சர் பார்க்கற புரோகிராம் போட்டுப் பார்த்தா 100 டிகிரியைத் தாண்டிப் போய் நிக்குது. சிபியு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்குது. மூடியைக் கழட்டி பிராசஸரோட வந்த ஃபேனை விரலால லேசா அசைச்சேன், ஒரு மூலை ஆடுது. நாலு பிளாஸ்டிக் காலை போர்டுக்குள்ள அழுத்தி கிளிக் வைக்கணும். மூணுதான் கிளிக் ஆகியிருக்கு, நாலாவது சும்மா ஓட்டை மேல உட்கார்ந்திருக்கு. போர்டு உடைஞ்சிருமோன்னு பயந்து அன்னிக்கு மெதுவா அழுத்தினது. இப்ப போர்டை முழுசா வெளிய எடுத்து, பழைய பேஸ்டைத் துடைச்சு புதுசு தடவி, எதிரெதிர் மூலையா அழுத்தி, பின்பக்கம் திருப்பி நாலு வெள்ளைக் காலும் நடுவுல கறுப்பு முள்ளு வெளிய வந்திருக்கான்னு பார்த்துட்டு மாட்டினேன். முழு லோடுல 68 டிகிரி.

20 ஏப்ரல்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினா எச்.264 இன்னும் வேகமா ஓடும்னு போன வாரம் இங்க நான்தான் அடிச்சு எழுதினேன். பாதி தப்பு. நான் பயன்படுத்துற சாஃப்ட்வேர்ல குடா (என்விடியா கார்டை வச்சு கணக்குப் போடற வசதி) வேலை செய்யறது எஃபெக்ட், கலர் கரெக்‌ஷன், சைஸ் மாத்தறது இதுக்கெல்லாம். கிளிப்பைப் பிரிச்சுப் படிக்கறது இன்னமும் சிபியு தலையிலதான். வெறும் கட் பண்ணி ஒட்டறவங்களுக்குக் கார்டால பெருசா ஒண்ணும் கிடைக்காது. நான் கலரை நோண்டறவன், எனக்கு நல்ல வித்தியாசம் தெரியும்னு நம்பறேன்.

கார்டு வந்த அன்னிக்கு நடந்தது தனிக் கதை. அதுக்கு 6 பின் பவர் கேபிள் வேணும், என் எஸ்எம்பிஎஸ்ல (மெஷினுக்குக் கரண்ட் குடுக்கற பெட்டி) அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. கார்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு வாரம் அழகு பார்த்தேன்.

27 ஏப்ரல்

எஸ்எம்பிஎஸ் மாத்தி கார்டு மாட்டியாச்சு. உடனே இன்னொண்ணு காணாம போச்சு. பிராசஸர்லயே குவிக் சிங்க்னு ஒரு தனி என்கோடர் இருக்கு (2011ல சாண்டி பிரிட்ஜ் வந்தப்ப இருந்து), எக்ஸ்போர்ட்டுக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். கார்டு ஏறினதும் மெனுல அந்த ஆப்ஷனே இல்ல. தனி கார்டைப் பார்த்ததும் பயாஸ் உள் கிராஃபிக்ஸை அணைச்சுடுது. பயாஸ்ல போய் அதை எழுப்பினாலும், விண்டோஸ் 7ல அந்த போர்ட்டுல ஒரு மானிட்டர் தொங்கினாத்தான் குவிக் சிங்க் வருது. மேல ஒருத்தர் விஜிஏ போர்ட்டுல 75 ஓம் ரெசிஸ்டர் செருகி மானிட்டர் இருக்கற மாதிரி ஏமாத்தலாம்னு எழுதியிருக்கார், சூப்பர் சார், ஆனா எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல. பரண்ல இருந்த பழைய 1280க்கு 1024 மானிட்டரை இறக்கி மதர்போர்டுல மாட்டினேன். குவிக் சிங்க் வந்திருச்சு. இப்ப கிளிப் லிஸ்ட் எல்லாம் அந்த மானிட்டர்ல, டைம்லைன் பெரிய மானிட்டர்ல. ரெண்டாவது மானிட்டர் இவ்வளவு சுகம்னு யாருமே ஏன் சொல்லல?

தரம் பத்திக் கேட்டாங்க. பிட்ரேட் தாராளமா குடுத்தா என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. ரொம்ப இறுக்கினா வேகமா அசையற இடத்துல கட்டம் கட்டமா தெரியுது, அப்ப சாஃப்ட்வேர் என்கோடரே மேல். நெட்ல போட சிபியு, வீட்டுல அவசரத்துக்கு குவிக் சிங்க்.

15 ஜூன்

மச்சினன் அவன் கேமரால எடுத்ததைக் குடுத்தான், 1080 50பி (நொடிக்கு 50 முழுப்படம்), 28 மெகாபிட். 2011ல வந்த ஏவிசிஎச்டி 2.0 வகை. என்னோடது 50ஐ. ரெண்டையும் ஒரே டைம்லைன்ல போட்டா அவனோடது கண்ணாடி, என்னோடது சீப்பு. 50பி டைம்லைன் வச்சுக்கிட்டு, என்னோட ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழு ஃபிரேமா விரிச்சு போட்டேன், அசைவு ரெண்டுலயும் ஒண்ணா வருது. 25பியா மாத்தியிருந்தா டான்ஸ் எல்லாம் வெட்டு வெட்டா இருந்திருக்கும்.

கூடவே மொபைல்ல எடுத்த கிளிப் ஒண்ணு. அது ஃபிரேம் ரேட்டை தன் இஷ்டத்துக்கு ஏத்தி இறக்குது. ஆரம்பத்துல உதடும் பேச்சும் சேர்ந்து இருக்கு, போகப் போக பேச்சு முன்னாடி ஓடிப் போயிடுது. நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாத்திட்டுத்தான் உள்ள விடணும்.

10 ஆகஸ்ட்

மேடம், ஜனவரி 14ல நீங்க சொன்னது. இப்ப மாட்டிக்கிட்டேன்.

ஆண்டு விழாவைப் புது மெஷின்ல மறுபடி அழகா எடிட் பண்ணலாம்னு எடுத்தேன். "டான்ஸ்" முடிஞ்சு "டான்ஸ் நல்லது" ஆரம்பிக்கற இடத்துல சவுண்டு ஒரு சின்ன முழுங்கு முழுங்குது. கண்ணுக்குத் தெரியல, காதுக்கு ஊசி குத்தற மாதிரி. பாட்டுல தாளம் விழற இடம் வேற. பழைய எக்ஸ்போர்ட்டைப் போட்டுக் கேட்டா அதுலயும் இருக்கு, படம் படபடத்த கவலையில காது கேக்கல போல.

அது ரெண்டு கிளிப்பே இல்ல, ஒரே கிளிப். கேமரா ஒரு ஃபைல் 2 ஜிபி ஆனதும் அதை மூடிட்டு அடுத்ததைத் தொறக்குது, 24 மெகாபிட்டுக்கு சுமார் 12 நிமிஷம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடர்ச்சிங்கற குறிப்பு எல்லாம் நான் குப்பைன்னு விட்ட அந்த ஃபோல்டர்லதான் இருந்திருக்கு. தனித்தனியா உள்ள போட்டா, வெட்டுப்பட்ட இடத்துல பாதி இங்க பாதி அங்கன்னு இருக்கற சவுண்டு பாக்கெட்டை சாஃப்ட்வேர் தூக்கிப் போட்டுடுது.

11 ஆகஸ்ட்

ஒட்டியாச்சு! ஃபோல்டர் போனாலும் வழி இருக்கு. கறுப்பு கமாண்ட் விண்டோல காப்பி, ஸ்லாஷ் பி, முதல் ஃபைல், பிளஸ் குறி, ரெண்டாவது ஃபைல், கடைசில புதுப் பேரு. ரெண்டையும் பைட் பைட்டா ஒட்டுது, வெட்டுப்பட்ட பாக்கெட் சேர்ந்துக்குது. அந்த ஸ்லாஷ் பி ரொம்ப முக்கியம். நான் முதல்ல அதை விட்டுட்டேன், சில கிலோபைட்ல ஒரு ஃபைல் வந்து நின்னுச்சு. பிளஸ் போட்டா அது எழுத்து ஃபைல்னு நினைச்சுக்கிட்டு, ஃபைல் முடிவுங்கற குறி மாதிரி ஒரு பைட் கண்ணுல பட்டதும் கடையை மூடிடுது.

அடுத்த சிக்கல் நான் வச்ச பேரு. நம்பர் இருந்திருந்தா 3க்கு அப்புறம் 4னு தெரியும். "பரிசு", "பரிசு வேற", "பரிசு கடைசி", இதுல எது எதோட வால்? கிட்டத்தட்ட சரியா 2 ஜிபி இருக்கற ஃபைல் எல்லாத்துக்கும் ஒரு வால் உண்டுங்கற கணக்குல ஒவ்வொண்ணா ஜோடி சேர்த்தேன். "பரிசு கடைசி"தான் முதல்ல வருது.

இப்ப எல்லாம் கார்டு முழுசா, தேதி போட்ட ஃபோல்டர்ல, ரெண்டு டிஸ்க்ல. ரெண்டாவது டிஸ்க்ல ஃபைல் தொறக்குதான்னு பார்த்த பிறகுதான் கார்டு ஃபார்மட்.

2 நவம்பர்

எச்டிவி (HDV, டேப்ல எச்டி எழுதற வகை) கேமரா வச்சிருக்கற தம்பிக்கு: உன் படம் 1440க்கு 1080, பிக்சலே கொஞ்சம் அகலம் (1.333), அதனால முகம் ஒடுங்கித் தெரிஞ்சா ஃபைல் கெட்டுப் போகல, சாஃப்ட்வேர்ல பிக்சல் வடிவத்தைச் சொல்லிக் குடு. டேப்ல ஒரு இடம் கெட்டிருந்தா அரை நொடி மொத்தமா போயிடறதும் அதே குறிப்பு விவகாரம்தான், முழுப் படம் போச்சுன்னா அதை நம்பி இருந்ததெல்லாம் போச்சு. என் பழைய மினிடிவி டேப்ல அந்த இடத்துல நாலு கட்டம் தெரியும், அவ்வளவுதான். அழுக்கு ஹெட்டாவும் இருக்கலாம், கிளீனிங் டேப் ஒரு தடவை ஓட்டிப் பாரு.

நானும் பழைய டேப்பை எல்லாம் ஏத்த ஆரம்பிச்சிருக்கேன். புது மதர்போர்டுல டேப் கேமராவை மாட்டற ஃபயர்வயர் போர்ட் கிடையாது, வாங்கறப்ப கவனிக்கவே இல்ல. பழைய கோர் 2 டுவோவுல இருக்கு. பரணுக்குப் போக வேண்டியதை வழியிலயே மறிச்சு கொண்டு வந்து ஹால் மூலையில வச்சிருக்கேன். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம், எந்த ஐ7 வந்தாலும் அதுல ஒரு நிமிஷம் குறையாது.

இப்ப ஓடறது ஒன்பதாவது டேப், மகள் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கறா. இன்னும் 22 பாக்கி. பழைய மெஷின் முன்னாடி அந்த டிஸ்க் லைட் விடாம மினுக்கிக்கிட்டு இருக்கு.